கம்பங்கதிரில் வடியும் தேன்: மருந்தும் அதுவே, நஞ்சும் அதுவே

கேள்வி: மானாவாரியில் இரண்டு ஏக்கர் கம்பு போட்டோம். கதிர் பூக்கும் நேரத்தில் ஒரு வாரம் விடாத தூறல். கதிரில் தேன் மாதிரி வடிந்தது. ஈயும் எறும்பும் மொய்த்தன. இப்போது அடித்துப் பார்த்தால் மணிகளுக்கு நடுவில் கறுப்பாக ஏதோ கிடக்கிறது. ஆறு மாதக் கர்ப்பிணியான மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கம்மங்கூழ் என்றால் அவளுக்கு உயிர். கொடுக்கலாமா? கல்லூரியில் படிக்கும் மகன் அந்தக் கறுப்பு முடிச்சுகளை மட்டும் பொறுக்கி ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறான். கேட்டால், "இதிலிருந்துதான் வெளிநாட்டில் போதை மருந்து எடுத்தார்களாம், செல்போனில் பார்த்தேன்" என்கிறான். வயிற்றில் புளியைக் கரைக்கிறது. என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விளாத்திகுளம் வட்டம்.

பதில்: முதலில் உடனே செய்ய வேண்டியவை. இந்தக் கம்பை அப்படியே மாவாக அரைக்கக் கூடாது. கர்ப்பிணிப் பெண்ணுக்கு இந்த வயல் கம்பில் ஒரு வாய்க் கூழ்கூடக் கொடுக்க வேண்டாம். கடையில் நல்ல கம்பு வாங்கிக் காய்ச்சிக் கொடுக்கலாம். மகனின் பாட்டிலில் உள்ளதை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். அது அவர் நினைக்கும் பொருள் அல்ல. வாயில் போட்டால் போதை வராது, வாந்தியும் தலைசுற்றலும்தான் வரும். அதற்கான காரணத்தை மகனும் சேர்ந்து படிப்பது நல்லது.

கறுப்பு முடிச்சு என்பது என்ன?

கம்பில் வருவது தேன் ஒழுகல் நோய். ஆங்கிலேயர் காலத்திலிருந்து எர்காட் என்றும் சொல்வார்கள். இதற்குக் காரணம் கிளாவிசெப்ஸ் பியூசிபார்மிஸ் என்ற பூஞ்சாணம். போன பருவத்தில் மண்ணில் விழுந்த கறுப்பு முடிச்சுகள் மழை ஈரம் பட்டதும் முளைத்து, கண்ணுக்குத் தெரியாத வித்துகளைக் காற்றில் விடுகின்றன. அவை பூத்திருக்கும் கதிரின் சூல்முடியில் போய் உட்காருகின்றன. மகரந்தம் நுழைய வேண்டிய வழியில் பூஞ்சாணம் நுழைந்துவிடுகிறது. ஒரு வாரத்துக்குள் அந்தப் பூவிலிருந்து இளஞ்சிவப்பாக, பிசுபிசுப்பாகத் தேன் வடிகிறது. அந்தத் துளியில் லட்சக்கணக்கான வித்துகள் இருக்கும். ஈயும் எறும்பும் மழைச் சாரலும் அதை அடுத்த கதிருக்குக் கொண்டு போகின்றன. கடைசியில் மணி இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியான கருப்பு அல்லது கரும்பழுப்பு முடிச்சு நிற்கிறது.

கம்பில் பெண் பாகமான சூல்முடி முதலில் வெளியே வரும். மகரந்தம் சில நாள் கழித்துத்தான் வரும். இந்த இடைவெளியே நோய்க்கு வாசல். மகரந்தம் சேர்ந்துவிட்டால் சூல்முடி வாடிவிடும், பூஞ்சாணத்துக்கு வழி அடைபடும். மேகமூட்டமும் தூறலும் உள்ள நாட்களில் மகரந்தம் பறக்காது, நனைந்து வீணாகும். அதனால்தான் பூக்கும் வாரத்தில் மழை பிடித்த வயல்களில் இந்த நோய் அதிகம்.

ஐரோப்பாவை எரித்த ரொட்டி

இதே பூஞ்சாணக் குடும்பத்தைச் சேர்ந்த கிளாவிசெப்ஸ் பர்பூரியா என்ற இன்னொன்று ஐரோப்பாவில் ரை என்ற தானியத்தைத் தாக்கும். ரை என்பது கோதுமையைப் போன்றது, குளிரும் ஏழை மண்ணும் தாங்கும். கோதுமை வாங்க வசதியில்லாத குடியானவர்களின் ரொட்டி அது. ஈரமான ஆண்டுகளில் ரைக் கதிரில் கொம்பு போல நீண்ட கறுப்பு முடிச்சுகள் வரும். பஞ்சத்தில் அதையும் சேர்த்துத்தான் அரைத்தார்கள். அந்த முடிச்சும் ஒரு வகைத் தானியம் என்றே நெடுங்காலம் நம்பினார்கள்.

அதைத் தின்றவர்களுக்குக் கை கால்களில் நெருப்புப் பட்டது போல எரிச்சல் எடுத்தது. பிறகு விரல்கள் மரத்து, கறுத்து, உலர்ந்து, ரத்தம் இல்லாமல் தானாகவே உதிர்ந்தன. முடிச்சில் உள்ள நச்சுப் பொருட்கள் ரத்தக் குழாய்களை இறுக்கிவிடுவதே காரணம். கி.பி. 994-ல் பிரான்சின் அக்விடேன் பகுதியில் சுமார் 40,000 பேர் இந்த நோயில் இறந்ததாக அக்கால ஏடுகள் சொல்கின்றன. அதற்குப் புனித அந்தோணியார் நெருப்பு என்று பெயர் வந்தது. 11-ம் நூற்றாண்டின் கடைசியில் அந்தோணியார் பெயரில் ஒரு துறவியர் சபையே இந்த நோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. அங்கே போனவர்கள் பலருக்குக் குணமானது. சொந்த ஊர் ரொட்டியை விட்டு மடத்து ரொட்டியைத் தின்றதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. ஜெர்மனி போன்ற பகுதிகளில் விரல் அழுகுவதைவிட வலிப்பு, உடல் முறுக்கல், உடலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, இல்லாததைக் காண்பது, புத்தி தடுமாறுவது ஆகியவை அதிகம் காணப்பட்டன. பேய் பிடித்தது என்றும் சூனியம் என்றும் ஊரார் சொன்னார்கள். அமெரிக்காவின் சேலம் நகரில் 1692-ல் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பலரைத் தூக்கிலிட்டார்களே, அந்தக் கலவரத்துக்கும் ரை ரொட்டிதான் காரணமோ என்று 1976-ல் ஓர் ஆராய்ச்சியாளர் எழுதினார். அதை மறுத்தவர்களும் உண்டு, அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

17-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் துய்லியே ரை முடிச்சுதான் குற்றவாளி என்று கண்டு சொன்னார். அது தானியம் அல்ல, பூஞ்சாணம் என்றும் அதன் வாழ்க்கைச் சுற்று இன்னது என்றும் துலான் என்ற அறிவியலாளர் 1853-ல் விளக்கினார். ஆனாலும் நோய் உடனே ஒழியவில்லை. 1926-27-ல் சோவியத் நாட்டிலும், 1977-78-ல் எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதியிலும் மறுபடி வந்தது. எத்தியோப்பியாவில் பஞ்ச காலத்தில் களையாக முளைத்த காட்டு ஓட்ஸ் தானியத்தோடு கலந்து வந்து மக்களின் கால்களைத் தின்றது.

பிரசவ அறைக்கு வந்த கதை

இந்த நஞ்சுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஐரோப்பாவின் மருத்துவச்சிகள் ரை முடிச்சைப் பிரசவத்தை விரைவாக்கக் கொடுத்து வந்தார்கள். 1582-ல் ஜெர்மன் மூலிகை நூல் ஒன்றிலேயே இது பதிவாகியிருக்கிறது. 1808-ல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டேர்ன்ஸ் இதைப் பற்றி எழுதியதும் பல மருத்துவர்கள் கையில் எடுத்தார்கள். ஆனால் அளவு பிடிபடவில்லை. கருப்பை விடாமல் இறுகியதால் குழந்தைகள் வயிற்றிலேயே இறந்தன, சில தாய்மார்களுக்குக் கருப்பை கிழிந்தது. சில ஆண்டுகளிலேயே, குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கை நிறுத்த மட்டுமே இது ஆகும் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள்.

1935-ல் அந்த வேலையைச் செய்யும் பொருளை லண்டனில் டட்லியும் மோயரும் பிரித்தெடுத்தார்கள். அதுதான் எர்கோமெட்ரின். அதிலிருந்து சிறிது மாற்றிச் செய்த மெத்தர்ஜின் ஊசி இன்றும் அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறையில் இருக்கிறது. குழந்தை பிறந்த பிறகே போடுவார்கள். ரத்தக்கொதிப்பு உள்ள தாய்க்குப் போட மாட்டார்கள். 1940-களில் நமது நீலகிரியிலேயே ரை விதைத்து, அதில் வேண்டுமென்றே இந்தப் பூஞ்சாணத்தை ஏற்றி, மருந்துக்காக முடிச்சு அறுவடை செய்திருக்கிறார்கள்.

இதிலிருந்து கர்ப்பிணிகள் உள்ள வீடுகள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். மருத்துவமனையில் மில்லிகிராமில் அளந்து, பிள்ளை வெளியே வந்த பிறகு கொடுக்கும் பொருளின் சொந்தக்காரன் கூழில் அளவு தெரியாமல் கலந்திருக்கிறான். ஆறாம் மாதத்தில் அந்தச் சோதனை வேண்டாம்.

சைக்கிளில் வீடு திரும்பிய விஞ்ஞானி

இனி மகன் சொன்ன போதை மருந்துக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் என்ற மருந்துக் கம்பெனியில் ஆல்பர்ட் ஹாப்மன் என்ற வேதியியலாளர் இருந்தார். ரை முடிச்சிலிருந்து கிடைக்கும் லைசர்ஜிக் அமிலத்தை வைத்து மருந்துகள் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ரத்த ஓட்டத்துக்கும் மூச்சுக்கும் ஊக்கம் தரும் மருந்து ஒன்றைத் தேடினார். 1938-ல் 25-வதாகச் செய்த பொருள்தான் எல்.எஸ்.டி. எதிர்பார்த்த பயன் தெரியாததால் ஓரமாக வைத்துவிட்டார்கள்.

ஐந்து ஆண்டு கழித்து, 1943 ஏப்ரல் 16-ல் மறுபடியும் அதைத் தயாரித்தபோது எப்படியோ துளி அவர் உடம்பில் ஏறியது. கண்ணை மூடினால் நிறங்களும் உருவங்களும் ஓடின. சந்தேகம் தீர, ஏப்ரல் 19-ல் 250 மைக்ரோகிராம் தாமே குடித்தார். அது தூள் உப்பில் நாலைந்து மணியின் எடை. மிகக் குறைவு என்று நினைத்தார், அதுவே அதிகமாகிவிட்டது. போர்க்காலம் என்பதால் கார் இல்லை. உதவியாளர் துணையோடு சைக்கிளில் வீடு போனார். வீட்டில் நாற்காலியும் மேசையும் உயிர் வந்து மிரட்டின. பால் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண் சூனியக்காரியாகத் தெரிந்தார். புத்தி பேதலித்துவிட்டது, சாகப் போகிறோம் என்றே பயந்தார். பல மணி நேரம் கழித்தே தெளிந்தது.

1947-லிருந்து மனநல மருத்துவத்துக்கென்று அந்தக் கம்பெனி அதை அனுப்பியது. 1950-களில் அமெரிக்க உளவுத்துறை, மனிதரின் மனத்தை வசப்படுத்த முடியுமா என்று பார்க்க, பலருக்குத் தெரியாமலே கொடுத்துச் சோதித்தது. 1960-களில் இளைஞர்கள் மத்தியில் பரவியது. பிறகு நாடு நாடாகத் தடை வந்தது, 1971-ல் ஐ.நா. உடன்படிக்கையும் அதைக் கட்டுப்பாட்டில் வைத்தது. நம் நாட்டில் 1985-ம் ஆண்டுப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ், எல்.எஸ்.டி. 0.1 கிராமுக்கு மேல் இருந்தாலே அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். பிள்ளைகள் ஸ்டாம்ப் என்று சொல்லும் சின்னத் தாள் துண்டுகளில் ஊற வைத்து விற்பது இதைத்தான்.

எல்.எஸ்.டி. உடலைவிட மனத்தையே அதிகம் தாக்கும். தெளிவு போய், மாடியிலிருந்து விழுந்தவர்களும் வண்டியில் அடிபட்டவர்களும் உண்டு. குடும்பத்தில் மனநோய் இருந்தால் உள்ளே உறங்கும் நோயை எழுப்பிவிடும். சிலருக்கு மாதங்கள் கழித்தும் பழைய மயக்கக் காட்சிகள் திரும்ப வரும். எவ்வளவு கலந்திருக்கிறது, எதைக் கலந்திருக்கிறார்கள் என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

கம்பு முடிச்சில் போதை உண்டா?

எல்.எஸ்.டி. எந்தக் கதிரிலும் விளைவதில்லை. அது ஆய்வுக்கூடத்தில் செய்தது. அதற்கு மூலம் ரை முடிச்சு. கம்பு முடிச்சில் உள்ள நச்சுகள் வேறு. அக்ரோகிளாவின் போன்ற கிளாவின் வகைப் பொருட்களே அதில் அதிகம். மகாராஷ்டிரம், ராஜஸ்தான் போன்ற கம்பு விளையும் மாநிலங்களில் 1950-களிலும் 1970-களிலும் எர்காட் கலந்த கம்பைச் சாப்பிட்டு ஊர் ஊராக மக்கள் பாதிக்கப்பட்டார்கள். குமட்டல், ஓயாத வாந்தி, தலைசுற்றல், நீண்ட நேர மயக்கத் தூக்கம் ஆகியவைதான் அங்கே கண்ட அறிகுறிகள். ஐரோப்பாவைப் போல விரல் உதிரவில்லை. நிறக்காட்சியும் வரவில்லை.

ஆகவே பாட்டிலில் இருப்பது போதைக்கும் ஆகாது, மருந்துக்கும் ஆகாது. ஆர்வத்தில் பொறுக்கிய பிள்ளையைத் திட்டி விரட்ட வேண்டியதில்லை. படித்ததைச் சொந்த வயலில் பொருத்திப் பார்த்த பிள்ளை அவர். ஆனால் அந்தக் காணொளியை ஏன் தேடிப் பார்த்தார், உடன் படிப்பவர்கள் யாராவது ஸ்டாம்ப் பற்றிப் பேசுகிறார்களா என்று தாயும் தந்தையும் உட்கார்ந்து நிதானமாகக் கேட்க வேண்டும். தேவைப்பட்டால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். பெயர் சொல்லத் தயங்க வேண்டாம்.

கையிலிருக்கும் கம்பை என்ன செய்வது?

உணவுப் பாதுகாப்பு விதிப்படி, தானியத்தில் எர்காட் தாக்கிய மணிகள் எடையில் 0.05 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது 100 கிலோ மூட்டையில் 50 கிராம். குத்தூசியால் மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் எடுத்துப் பத்துக் கிலோ சேர்த்து, வெள்ளைத் துணியில் பரப்பி முடிச்சுகளைப் பொறுக்கி எடை போட வேண்டும். 5 கிராமுக்கு மேல் வந்தால் அந்தக் கம்பை அப்படியே சாப்பிடவும் விற்கவும் கூடாது.

முறத்தில் புடைத்தால் முழுவதும் போகாது. முடிச்சும் மணியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. உப்புத் தண்ணீர்தான் எளிய வழி. சாப்பாட்டுக் கம்புக்கு 10 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ கல் உப்பைக் கரைத்து, கம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளற வேண்டும். முடிச்சுகளும் பதரும் மிதக்கும். அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கிய மணிகளை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, அன்றே நன்றாக வெயிலில் காய வைக்க வேண்டும். முடிச்சு நொறுங்கித் தூளாகியிருந்தால் உப்புத் தண்ணீரும் உதவாது. மாவாக அரைத்துவிட்டால் பிரிக்க வழியே இல்லை. சமைத்தால் சரியாகிவிடும் என்று நம்பவும் கூடாது.

மிதந்த கழிவை எருக்குழியிலோ கோழிக்கோ மாட்டுக்கோ போடக் கூடாது. ஆழமாகப் புதைக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு யாருக்காவது வாந்தி, தலைசுற்றல், அளவு மீறிய தூக்கம் வந்தால் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். மிச்சக் கம்பில் ஒரு பிடியும் கொண்டு போனால் மருத்துவர் நோயை அறிய உதவும்.

அடுத்த பருவத்துக்கு

கோடை உழவை ஆழமாக உழுதால் முடிச்சுகள் மண்ணுக்குள் போய் முளைக்க முடியாமல் போகும். அதே வயலில் அடுத்து பாசிப்பயறு, உளுந்து போன்ற பயறு வகை போடுவது நல்லது. பூக்கும் வாரம் அடைமழையில் மாட்டாதபடி விதைப்பைத் திட்டமிட வேண்டும். விதைக்கு 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்புக் கரைத்து, மிதப்பதை நீக்கி, இரண்டு மூன்று முறை அலசி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். வரப்பில் உள்ள கொழுக்கட்டைப் புல்லிலும் இந்தப் பூஞ்சாணம் தங்கும். கம்பு பூப்பதற்கு முன் அதை அறுத்துவிட வேண்டும். மழை எதிர்பார்த்தால், கதிரில் 5 முதல் 10 சதவிகிதம் பூத்தபோது ஒரு முறையும், பாதி பூத்தபோது ஒரு முறையும் ஏக்கருக்கு 400 கிராம் மேங்கோசெப் தெளிக்கலாம். தெளிக்கும் முன் வட்டார வேளாண் அலுவலரைக் கேட்டுக்கொள்வது நல்லது. தேன் வடியும் கதிரை ஆரம்பத்திலேயே பையில் அறுத்துப் போட்டு வயலுக்கு வெளியே புதைத்தால் செலவில்லாமல் பாதி நோய் குறையும்.

தொடர்பான இரு சிறு கேள்விகள்

தேன் வடிந்த வயலின் தட்டையை மாட்டுக்குப் போடலாமா?

கதிரை முழுவதும் நீக்கிய தட்டையைப் போடலாம். கதிரோடு நறுக்கிப் போடக் கூடாது. எர்காட் நச்சு பால் சுரப்பைக் குறைக்கும். ஆப்பிரிக்காவின் இன்றைய ஜிம்பாப்வேயில், தேன் ஒழுகல் தாக்கிய கம்பைத் தின்ற தாய்ப்பன்றிகளுக்குப் பாலே சுரக்கவில்லை, குட்டிகள் பட்டினியில் செத்தன. சினை மாட்டுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

சோளத்திலும் தேன் வடிகிறது. அதுவும் இதுதானா?

குடும்பம் ஒன்று, பூஞ்சாணம் வேறு. முறைகள் ஏறக்குறைய அவையே. சோளத்திலும் முடிச்சு உள்ள மணியைச் சாப்பாட்டுக்கும் தீவனத்துக்கும் சேர்க்கக் கூடாது.

விளாத்திகுளம் வாசகியின் வீட்டில் இந்த வாரம் செய்ய வேண்டியது ஒரு கல் உப்புப் பொட்டலமும் ஒரு பெரிய அண்டாவும் எடுத்து வைப்பதுதான். மகனையே கூப்பிட்டு மிதப்பதை அரிக்கச் சொல்லலாம். அரித்ததை அவரே குழி வெட்டிப் புதைக்கட்டும், பாட்டிலில் இருப்பதும் அதே குழிக்குள் போகட்டும். மகளுக்குக் கூழ் ஆசை இருந்தால் கடைக் கம்பில் காய்ச்சிக் கொடுக்கலாம். தங்கள் வயல் கம்பைப் பிள்ளை பிறந்த பிறகு, அடுத்த அறுவடையில், முடிச்சு இல்லாத கதிரிலிருந்து அவர் சாப்பிடலாம்.